கேபிள் அறுந்த மூன்று நாளும், அம்மாச்சி கேட்ட நாடகங்களும்

எங்கள் கெங்குவார்பட்டியில் 'சீசன்' என்று சொன்னால் இரண்டு அர்த்தம். ஒன்று மாம்பழ சீசன், இன்னொன்று கொடைக்கானல் சீசன். ஏப்ரல் பிறந்தால் தோப்புகளில் காய் பறிப்பு மும்முரமாகிவிடும். அதே நேரத்தில் மலையேறும் வண்டிகளும் காட்ரோடு பக்கம் வரிசை கட்டி நிற்கும். என் வீட்டுக்காரர் மினி லாரியில் காசாவும் கல்லாமையும் செந்தூரமும் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனால், திரும்பி வர ராத்திரி பத்து மணி ஆகும். இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு மூன்றாவதாக ஒரு சீசன் வந்தது. அது நாடக சீசன்.

எங்கள் வீட்டில் இருக்கிறது ஒரே ஒரு பெரிய அறை. ஒரு மூலையில் என் தையல் மெஷின், இன்னொரு மூலையில் அம்மாவின் கட்டில். போன வருடம் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து அம்மா எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு டி.வி.யைப் போட்டால் பத்தரை வரை அம்மாவுக்குத் தொடர்கள் வரிசையாக ஓடும். ரிமோட் தலையணைக்கு அடியில் இருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த என் மகள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்போனுக்குள் போய்விடுவாள். நான் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு இருப்பேன். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மே மாதம் ஒரு சாயங்காலம் காற்றோடு மழை அடித்தது. தெருமுனையில் தென்னை மட்டை விழுந்து கேபிள் ஒயர் அறுந்துபோனது. சரி செய்ய மூன்று நாள் ஆகும் என்றார்கள். அம்மா முதல் அரை மணி நேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"ஏ தாயி, அந்தப் போன்ல எதாச்சும் நாடகம் வருமா?"

"என்ன நாடகம் அம்மாச்சி வேணும்?"

"எதையாச்சும் போடு. மாமியா மருமக சண்டை இல்லாததாப் போடு. அதான் தெனமும் பாக்குறோமே."

மெகா தொடர்களை விடாமல் பார்க்கிற என் அம்மா இப்படிச் சொன்னதைக் கேட்டு நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த படம்

நாடகம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ல் தூர்தர்ஷன் தொடங்கியிருந்தாலும், எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அது எட்டக் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வரவேண்டியிருந்தது. அது வந்தபிறகு, வசதியான வீடுகளில் மூங்கில் கம்பில் ஆன்டெனா முளைத்தது. 'திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பு, அங்கேயே நிறுத்து' என்று கூரை மேல் நிற்கிறவரிடம் கீழேயிருந்து கத்துவது தினசரிச் சத்தம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கே.பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' வந்தபோது பக்கத்து வீட்டுத் திண்ணை வரை கூட்டம் நிரம்பி நிற்கும். நிழல்கள் ரவியை எங்கள் தெருவில் சொந்தக்காரர் மாதிரி பேசினார்கள்.

2006-ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. எங்களுக்கும் அந்த 14 அங்குலப் பெட்டி கிடைத்தபோது அதற்குக் கதர்த் துணியில் உறை தைத்துப் போட்டது நான்தான். இப்போது இருக்கிற பெரிய டி.வி., திருப்பூரில் வேலை பார்க்கும் மூத்தவன் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அடுத்து என்ன?' என்று வாரக்கணக்கில் காத்திருந்து கதை கேட்கிற பழக்கத்துக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. எங்களுக்குப் பக்கத்து ஊரான வத்தலக்குண்டில் பிறந்தவர்தான் பி.ஆர்.ராஜமய்யர். அவருடைய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-லிருந்து 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து, 1896-ல் புத்தகமானது. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவும் சினிமாவோடு நிற்காமல் 2008-ல் கலைஞர் டி.வி.க்காக 'தெக்கத்திப் பொண்ணு' எடுத்தார். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். 'நம்ம பேசுற மாதிரியே பேசுறாகப்பா' என்பார். ஆக, தொடர் பார்க்கிற வழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: சிரிப்பு

கேபிள் அறுந்த முதல் ராத்திரி மகள் செல்போனை டி.வி.யோடு இணைத்து யூடியூபில் ஒன்றைப் போட்டாள். 'ரமணி வெர்சஸ் ரமணி'. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த தொடர். புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், இரண்டாவது பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் நடித்திருக்கிறார்கள். இயக்கியவர் நாகா. 'மர்மதேசம்' எடுத்துப் பாதித் தமிழ்நாட்டை ராத்திரியில் வெளியே போகவிடாமல் செய்தாரே, அதே நாகாதான். 'மர்மதேசம்' எல்லோருக்கும் தெரியும். இது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியவில்லை.

இதில் வில்லி கிடையாது. பின்னணி இசையோடு மூன்று முறை திரும்பித் திரும்பிக் காட்டுகிற முகம் கிடையாது. ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் வரும் சின்னச் சின்னச் சண்டைகள்தான் கதை. யார் விட்டுக்கொடுப்பது, யார் பொய் சொன்னது, அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய். என் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ, வலிக்குதுடி, நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு, மகள் நிறுத்தப் போனதும், "யாரு நிப்பாட்டச் சொன்னா?" என்றார்.

வீட்டில் பெரியவர்களும் சின்னவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க, முதலில் இதிலிருந்து தொடங்குங்கள். காசு செலவில்லை. கூச்சப்பட்டு முகத்தைத் திருப்ப வேண்டிய காட்சியும் இல்லை.

இரண்டாம் நாள்: இருபது நிமிடத்தில் ஒரு வாழ்க்கை

இரண்டாம் நாள் நான் கேட்டது. பாலு மகேந்திராவின் 'கதை நேரம்'. 'மூன்றாம் பிறை', 'வீடு' எடுத்த அதே பாலு மகேந்திரா, சன் டி.வி.க்காக 52 சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தார். தமிழ் எழுத்தாளர்கள் எழுதிய கதைகளை எடுத்துக்கொண்டு, வாரம் ஒன்றாகக் கொடுத்தார். பலவற்றில் மௌனிகா நடித்திருக்கிறார். யூடியூபில் தேடினால் இப்போதும் பல கிடைக்கின்றன. படத்தின் தரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதன் அருமை என்னவென்றால், ஒரே உட்காரலில் கதை முடிந்துவிடும். அடுத்த நாள் வரை இழுக்காது. வீட்டுக்குள் வரும் வெளிச்சம், ஜன்னல், பாத்திரம் தேய்க்கிற சத்தம் எல்லாம் நம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். கத்திப் பேசுகிறவர்கள் குறைவு. மெகா தொடர்களுக்குப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று தோன்றும். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அப்புறம் கதை முடிந்ததும், "அவ்வளவுதானா? அப்ப அந்தப் பொண்ணு என்னதான் செஞ்சா?" என்று மகளைக் கேட்டார். "நீங்க என்ன செஞ்சிருப்பீங்க அம்மாச்சி?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அரை மணி நேரம் பேசினார்கள். கேபிள் இருந்த நாளில் எங்கள் வீட்டில் அப்படி அரை மணி நேரம் யாரும் யாரோடும் பேசியதில்லை.

எனக்கு அன்றைக்கு வேறொரு நாடகமும் ஞாபகம் வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சென்னையில் அத்தை வீட்டுக்கு முழுப் பரீட்சை லீவுக்குப் போயிருந்தோம். அங்கே தூர்தர்ஷனில் 'ஒரு மனிதனின் கதை' ஓடியது. சிவசங்கரி எழுதிய நாவல். குடிப்பழக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கிப்போகும் தியாகுவாக ரகுவரன் நடித்தார். வீடே உட்கார்ந்து பார்த்தது. என் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பாதியில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "அவன் நல்லவந்தான் பாப்பா" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் அவர் குடிக்கவில்லை.

அந்த ஒரு நாள் மட்டும்தான். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார்.

நாடகம் பார்த்து மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் அப்பா தன்னைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரே ஒரு வாக்கியம். அதைப் பேச வைத்தது ஒரு நாடகம். அந்த நாவலை நூலகத்தில் பார்த்தால் எடுத்துப் படியுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து: மூன்று தலைமுறை

மூன்றாம் நாள் சாயங்காலம் கேபிள் வந்துவிட்டது. நான் பயந்தது போலவே அம்மா ஆறு மணிக்கு ரிமோட்டை எடுத்தார். ஆனால் எட்டரைக்கு அவரே அணைத்தார். "போதும். நீ உன்னோடதப் போடு தாயி." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம்: எட்டரை வரை அம்மாச்சி, அதற்குப் பிறகு பேத்தி.

மூத்தவன் அவனுடைய ஓ.டி.டி. கணக்கைத் தங்கைக்குக் கொடுத்திருந்தான். அதில் நாங்கள் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

'ஸ்வீட் காரம் காபி' 2023 ஜூலையில் அமேசான் பிரைமில் வந்தது. எட்டு எபிசோடு. பாட்டியாக லட்சுமி, மருமகளாக மதுபாலா, பேத்தியாக சாந்தி பாலச்சந்திரன். மூன்று பெண்களும் வீட்டில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். எல்லாம் நம் வாழ்க்கை மாதிரி இருக்காது. சில இடங்களில் விளம்பரப் படம் பார்ப்பது போலவும் இருக்கும். ஆனாலும் லட்சுமிக்காகப் பார்க்கலாம். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவளுக வடக்கே எங்கிட்டெல்லாமோ போறாளுக. நான் தேவதானப்பட்டி காமாட்சி கோயிலுக்குக்கூடத் தனியாப் போனதில்லையே" என்றார். மஞ்சளாற்றங்கரையில் இருக்கிற மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் எங்களுக்குப் பக்கம்தான். சாத்திய கதவுக்குத்தான் அங்கே பூஜை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்து மூன்று பேரும் போய்வந்தோம். வீட்டுக்காரரிடம் போய்விட்டு வந்துதான் சொன்னோம்.

'விலங்கு' என் வீட்டுக்காரருக்குப் பிடித்தது. 2022 பிப்ரவரியில் ஜீ5-ல் வந்த போலீஸ் கதை. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம். விமல், இனியா, பால சரவணன் நடித்தது. ஏழு எபிசோடு. திருச்சிப் பக்கம் வேம்பூர் என்கிற ஊர்க் காவல் நிலையத்தில் நடக்கிறது. பறந்து பறந்து அடிக்கிற போலீஸ் இல்லை. வீட்டில் நிறைமாதப் பெண்டாட்டி, ஸ்டேஷனில் மேலதிகாரியின் ஏச்சு, நடுவில் ஒரு கொலை வழக்கு என்று திண்டாடுகிற சாதாரண சப்-இன்ஸ்பெக்டர். லோடு இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு வந்தவர், "ஒண்ணே ஒண்ணு" என்று உட்கார்ந்து மூன்று எபிசோடு பார்த்தார். ஒரு எச்சரிக்கை: ரத்தமும் கெட்ட வார்த்தையும் உண்டு. சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' 2024 அக்டோபரில் பிரைமில் வந்தது. கார்த்திக் சுப்பராஜ் வழங்கியது. ஒரு மலையூரில் பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேர், பெரியவர்களிடம் ஒரு விஷயத்தை மறைக்கப் போய் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கலில் மாட்டுகிறார்கள். மலை அடிவாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பனியும் வளைவு ரோடும் பழகினதாகவே இருக்கும். லீவுக்கு வந்த என் நாத்தனார் பையன்கள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தார்கள். இதிலும் கொஞ்சம் அடிதடி உண்டு. ஏழாவது, எட்டாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து பாருங்கள். 'நீயா இருந்தா எங்ககிட்ட சொல்லியிருப்பியா?' என்று கேட்க நல்ல சந்தர்ப்பம்.

'அயலி' பார்த்த நான்கு ராத்திரி

கடைசியாக வைத்திருப்பதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

'அயலி' 2023 ஜனவரி 26-ல் ஜீ5-ல் வந்தது. முத்துக்குமார் இயக்கியது. எட்டு எபிசோடு. 1990-களில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற கற்பனைக் கிராமம். வயதுக்கு வந்த பெண் அதற்கு மேல் பள்ளிக்கூடம் போகக் கூடாது, உடனே கல்யாணம் செய்துவிட வேண்டும், மீறினால் ஊர்த் தெய்வம் அயலி கோபித்துக்கொள்வாள் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. தமிழ்ச்செல்வி என்ற பெண் டாக்டராக ஆசைப்படுகிறாள். அதனால் தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். தமிழ்ச்செல்வியாக அபி நட்சத்திரா, அவள் அம்மா குருவம்மாளாக அனுமோள்.

கேட்கும்போது கனமாக இருக்கும். பார்க்கும்போது பாதி நேரம் சிரித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்தப் பெண் செய்கிற தந்திரங்கள் அப்படி. என் அம்மாவும் முதல் ராத்திரி சிரித்தார். "திருட்டுக் கழுத, கெட்டிக்காரி" என்றார். தினம் இரண்டு எபிசோடு என்று பார்த்தோம். இரண்டாம் ராத்திரி சிரிப்பு குறைந்தது. மூன்றாம் ராத்திரி முடிந்ததும் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்காம் ராத்திரி எல்லாம் முடிந்து மகள் தூங்கிவிட்டாள். முடிவை நான் சொல்ல மாட்டேன். நான் விளக்கை அணைக்கப் போனபோது அம்மா இருட்டில் பேசினார்.

"உன் டீசிய நாந்தான் போய் வாங்குனேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் 500-க்கு 412 எடுத்தேன். அப்பா போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. பிளஸ் ஒன் சேர வேண்டும் என்று நின்றேன். ஒருநாள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் என் டி.சி. அலமாரியில் இருந்தது. பக்கத்துத் தெருவில் தையல் பழகப் போனேன். முப்பது வருடத்துக்கு மேலாக, மாமாதான் என் படிப்பை நிறுத்தினார் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அவர் வீட்டு விசேஷங்களில் நான் சிரித்துப் பேசினாலும் அது உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

"அவன் சொன்னான். நெசந்தான். ஆனா வாங்குனது நான். பெரிய வாத்தியாரு, 'நல்லாப் படிக்கிற புள்ள, கொஞ்சம் யோசிங்கம்மா'ன்னு என்னைய ஒக்கார வச்சுச் சொன்னாரு. நான்தான் கேக்கல. கைநாட்டு வச்சு வாங்கிட்டு வந்துட்டேன். ஆம்பள இல்லாத வீடு, வயசுக்கு வந்த புள்ளைய பஸ்ல அனுப்பி எதாச்சும் ஆயிட்டா ஊரு என்ன சொல்லும்னு பயந்தேன். உங்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவ நெனச்சேன்."

இந்த இடத்தில் நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. 'தூங்கும்மா' என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். மலையில் வண்டிகளின் விளக்கு வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு நாள் சாப்பாடு வைத்தேன், மாத்திரை கொடுத்தேன். அதற்கு மேல் அம்மாவோடு பேசவில்லை. மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மாமா வந்தார்.

மகளுக்கு நல்ல மார்க். தோட்டக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு தோப்பு தோப்பாகப் போய்ப் பழகியவள். எந்த மரம் ஏன் பூவை உதிர்க்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பெரியகுளத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கலந்தாய்வில் எந்த ஊரில் இடம் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்? கோயம்புத்தூராகவும் இருக்கலாம், இன்னும் தூரமாகவும் இருக்கலாம். ஹாஸ்டல், பஸ், செலவு என்று நானே உள்ளுக்குள் ஆடிக்கொண்டுதான் இருந்தேன்.

மாமா ஒரு வரன் கொண்டு வந்திருந்தார். கெட்ட வரன் என்று சொல்ல மாட்டேன். பையனுக்குச் சொந்தத் தோப்பு, நல்ல குடும்பம். "படிப்பு எங்கக்கா ஓடிப்போகுது? கட்டிக் குடுத்துட்டு அங்கன இருந்தே தபால்ல படிக்கட்டும். இப்ப விட்டா இந்த மாதிரி எடம் அமையுமா?" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கட்டிலில் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"ஏப்பா தம்பி, அவுக நல்லவுகளாவே இருக்கட்டும். புள்ள படிக்கட்டும்."

"அக்கா, நீங்களா சொல்றீங்க?"

"நாந்தான் சொல்றேன். ஒருத்தி டீசிய வாங்கிட்டு வந்து இத்தன வருசமாச் சொமந்துக்கிட்டு இருக்கேன். இன்னொண்ணு சொமக்க எனக்குத் தெம்பு இல்ல."

மாமா சமாதானம் ஆகவில்லை. அறுத்து வைத்த மாம்பழத்தைத் தொடாமலே கிளம்பிவிட்டார். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அப்பா போன பிறகு எங்களுக்கு அரிசி வாங்கிப் போட்டவர் அவர்தான். அவரையும் ஒருநாள் உட்கார வைத்து 'அயலி'யைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று மகள் சொல்கிறாள். நடக்குமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் மகளும் நானும் வத்தலக்குண்டுக்குப் போய் விண்ணப்பம் போட்டோம். கம்ப்யூட்டர் கடைப் பையன் 'தாயார் கல்வித் தகுதி' என்று கேட்டான். 'பத்தாம் வகுப்பு, 412 மார்க்' என்று மகள் சொன்னாள். 'மார்க் வேண்டாங்க்கா' என்று அவன் சிரித்தான். திரும்பி வரும்போது அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கினேன்.

நீங்கள் பார்க்கத் தொடங்கும்போது

இத்தனை நாளில் நாங்கள் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும் உதவலாம்.

பெரியவர்கள் பார்க்கிற தொடரைக் கேலி செய்துவிட்டு, 'இதைப் பாருங்கள்' என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள். அவர்கள் நேரம் அவர்களுக்கு இருக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கேளுங்கள்.

முதலில் சிரிப்பு, அப்புறம் சிறுகதை, அப்புறம் கனமானது என்று போங்கள். முதல் நாளே 'அயலி'யைப் போட்டிருந்தால் என் அம்மா எழுந்து போயிருப்பார்.

தினம் இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். செல்போன் டேட்டாவும் மிஞ்சும், பேசவும் நேரம் மிஞ்சும். நாடகம் முடிந்து அணைத்த பிறகு வருகிற பேச்சுதான் முக்கியம்.

பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதல் எபிசோடை நீங்கள் மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இப்போது மாம்பழ சீசன் முடியப்போகிறது. கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நானும் அம்மாவும் பழையபடி பேசுகிறோம். முழுவதும் பழையபடி என்று சொல்ல முடியாது, ஆனால் பேசுகிறோம். நேற்று எட்டரைக்கு அம்மா ரிமோட்டை நீட்டிவிட்டு, "அந்த ரெண்டு ரமணியும் இன்னும் சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்காகளா? அதையே போடு தாயி, ரெண்டு நாளைக்குச் சிரிப்போம்" என்றார்.

நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தேன்.